இரண்டு பிரேக்கும் ஒரு கொண்டியும்

மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளோடு றோட்டோர வாய்க்காலுக்குள் நின்றபடி கேட்ட கேள்வியில்தான் எனக்கு அந்த யோசனை பிறந்தது.

"ஏன் தம்பி, றோட்டையும் உழப் போறீங்களா?"

கேட்டது, உழவு மிசின் ஓட்டிய என் அண்ணனிடம். கட்டைபறிச்சானில் வயல் உழுது முடித்து, இழுவைப் பெட்டியைப் பின்னால் கொழுவிக்கொண்டு மூதூர் றோட்டில் ஏறியிருந்தோம். எருமையொன்று குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். மிசின் நேரே நிற்காமல் வலப்பக்கம் திரும்பி, எதிரே வந்த அந்த மனிதரை வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டுத்தான் நின்றது.

மிசினின் பின்பக்கம் உருளும் பெரிய சில்லு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிரேக். வரம்போரத்தில் மடக்கித் திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். றோட்டுக்கு வரும்போது இரண்டு மிதியையும் ஒரு கொண்டியால் சேர்த்துப் பூட்ட வேண்டும். அண்ணன் அதை மறந்து வலப்பக்கத்து மிதியை மட்டும் மிதித்துவிட்டார்; அவருடைய கால் இன்னும் வயலில்தான் இருந்தது. மறக்க விடாமல் செய்ய ஒரு வழி வேண்டும்! சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த எனக்கு வேறென்ன வேலை?

அவசரமும் இருந்தது. பிள்ளைத்தாச்சியான அண்ணி, வெள்ளிக்கிழமை மூதூர் ஆசுபத்திரிக்கு அந்தப் பெட்டியில்தான் போக வேண்டும்.

கொண்டியைக் கழற்றியதும் ஸ்டியறிங்கில் கட்டிவிடச் சொல்லி அண்ணனிடம் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்தேன். கையில் தட்டுப்பட்டால் ஞாபகம் வருமல்லவா?

"என்னடா, மிசினுக்கு நேத்திக்கடனோ?"

மத்தியானம் சோறு கொண்டு போனபோது துணி அவர் தலையில் இருந்தது.

"வெயிலுக்கு நல்லாக் கிடக்கு," என்றார்.

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, வைக்கோலும் பாயும் விரித்த பெட்டிக்கு அருகே வந்தவர் ஏறாமல் நின்றார்.

"பூட்டியாச்சோ?"

"ஓமப்பா, ஏறும்."

"எனக்குக் காட்டுங்கோ."

அண்ணன் குனிந்து பார்த்தார். கொண்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பூட்டினார். பிறகு என்னை முறைத்தார்.

"உமக்கும் இவன் படிப்பிச்சிட்டான்!"

மூதூர் வரை மெதுவாகப் போனோம். மாட்டுக்காக நின்ற இடத்திலும் நேராகவே நின்றோம்.

ஆனால் அண்ணி ஒவ்வொரு நாளும் வரப்போவதில்லை. நெல்மூட்டைகளோ ஏறுமுன் கேள்வி கேட்காது. பெட்டியைக் கொழுவ ஓர் இரும்பாணி வேண்டும்; அது இல்லாமல் மூட்டை எதுவும் றோட்டுக்கு வராது. நாளைக்கு அந்த ஆணியைப் பிரேக் கொண்டியிலேயே கம்பியால் தொங்கவிடப் போகிறேன். ஆணியை எடுக்கக் குனிகிறவரின் கை, கொண்டியில் பட்டே ஆகவேண்டும்.