மூக்கு சொறிய ஓர் ஆள்

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்குச் 'சிலை' என்று பெயர். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். பதினொரு வருடத்தில் முப்பத்தெட்டு தடவை தட்டணு, அதாவது ரத்தத்தை உறையவைக்கிற பிளேட்லெட், கொடுத்திருக்கிறார். சாதாரண ரத்தம் என்றால் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிடலாம். இது அப்படி இல்லை. ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகும். அது தட்டணுவை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதியை இன்னொரு கை வழியாகத் திருப்பி அனுப்பும். ஒன்றரை மணி நேரம் இரண்டு கையையும் மடக்கக் கூடாது. உதடு மரத்துப்போகும், விரல் நுனி குறுகுறுக்கும், அதற்குச் சப்புவதற்குக் கால்சியம் மாத்திரை தருவார்கள். இவர் அசையவே மாட்டார். ஆனால் பத்தாவது நிமிடம் சிலைக்கும் மூக்கு அரிக்கும். அதைச் சொறிந்துவிடத்தான் நான் கூடப் போவேன்.

போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோயாளியின் சொந்தக்காரர்கள் நாலு பேர் கீழே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். யாரென்றே தெரியாத இவர் மேலே கையை நீட்டிக்கொண்டு கிடப்பார். கேட்டால், "விடும்மா, பயப்படறாங்க" என்பார். இவருக்கு மட்டும் என்ன இரும்பு உடம்பா?

இந்த முறை கேட்டது வெளி ஆள் இல்லை, என் கொழுந்தன். அவன் மகளுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டிய தட்டணு எட்டாயிரத்துக்கு இறங்கி, ஈறில் கசியும் ரத்தம் நிற்கவில்லை. அண்ணன், தம்பி இருவருக்கும் குழந்தையின் ரத்த வகைதான். இவர் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கொடுத்துவிட்டார். பெற்றவன் ஒரு தடவைகூட உட்காரவில்லை.

காலையில் நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "மூணு நாளைக்குள்ள ஏதாவது மாத்திரை போட்டீங்களா அண்ணா?"

"நேத்து முட்டி வலிக்கு ஒண்ணு. சாதாரண காய்ச்சல் மாத்திரைதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று அந்த மாத்திரை தீர்ந்திருந்தது. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, என் டப்பாவிலிருந்த ஆஸ்பிரினை எடுத்துக் கொடுத்தேன். "வழக்கமா போடறதுதானே?" என்று கேட்டார். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே "ஆமா" என்றேன். ஆஸ்பிரின் போட்டால் சில நாளைக்குத் தட்டணு ஒட்டாது, ரத்தத்தை நிறுத்தாது என்று அந்த அறையில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பாவி, மறந்து தொலைத்தேன்.

பக்கத்தில் நின்ற கொழுந்தன் என் முகத்தைப் பார்த்ததுமே வராந்தாவுக்குக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணி, தயவுசெஞ்சு வெளிய சொல்லாதீங்க. ஒரே ஒரு மாத்திரைதானே. வேற ஆளு இல்ல."

"பை நிறையும் தம்பி. உன் பொண்ணுக்கு ரத்தம் நிக்காது. வேற ஆளு இல்லையா? அப்போ நீ யாரு?"

உள்ளே போய் நர்ஸிடம் சொல்லிவிட்டேன். இவர் என்னை ஒரு தடவை பார்த்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கொழுந்தன் ஆரம்பித்தான். "பெத்த அப்பா குடுத்தா ஆகாதுன்னு படிச்சேனே?"

"சொந்தக்காரங்க குடுத்தா கதிர்வீச்சு காட்டிட்டுத்தான் ஏத்துவோம், ஒண்ணும் ஆகாது. அது எங்க வேலை" என்றாள் நர்ஸ்.

"மதியம் ஆபீஸ்ல மீட்டிங் வேற..."

"பொண்ணு வாயில ரத்தம் கசியுது, உனக்கு மீட்டிங் கேக்குதா?" வராந்தாவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"பயமா இருக்கு அண்ணி."

"பயப்படு. உக்காந்து பயப்படு."

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் ஆனது. எல்லாம் சரியாக இருந்தது, அவனை உட்காரவைத்தார்கள். ஊசி ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இவர் பக்கத்தில் நின்று, "இப்ப உதடு மரக்கும்டா, ஒண்ணும் இல்ல" என்று குழந்தைக்குச் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கவும் எனக்கு எரிச்சல்தான்.

பத்தாவது நிமிடம் வந்தது.

"அண்ணி, மூக்கு அரிக்குது."

"அரிக்கட்டும்."

"சொறிஞ்சு விடேம்மா" என்றார் இவர். நான் அசையவில்லை.

கொழுந்தன் முகத்தைச் சுளித்தான், தலையை ஆட்டினான், தோளில் தேய்க்கப் பார்த்தான். நர்ஸ் அதட்டியதும் அடங்கினான். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான்.

"முப்பத்தெட்டு தடவையும் இப்படித்தான் உக்காந்திருந்தியா?"

இவர் கால்சியம் மாத்திரையை அவன் வாயில் போட்டார். நான் சொன்னேன்.

"ஆமா. அதுல ரெண்டு தடவை உன் பொண்ணுக்கு. அப்போ நீ கீழ டீ குடிச்சிட்டு இருந்த."

அவன் கண்ணில் நீர் வழிந்து மூக்கோரமாக இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்து, மூக்கையும் சொறிந்துவிட்டேன், கொஞ்சம் அழுத்தியே.