மலர்ச்சாலை வெல்வெட்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் கழுத்து தானாகக் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அம்மா வீடு வீடாகப் போய்த் துணி தோய்த்தவர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒற்றைத் தண்ணீர்க் குழாயைச் சுற்றி நெருங்கி நின்ற எங்கள் வீட்டு வரிசையைத் தோட்டம் என்றுதான் சொல்வார்கள். அதில் ஒரு செடி கூடக் கிடையாது. அந்தத் தோட்டத்துக்கு வெளியாள் வந்து எதைக் கேட்டாலும், “படிச்ச பிள்ளை, நீ சொல்லு” என்று என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. கேட்ட கேள்விக்கு நேராக, சத்தமாகப் பதில் சொல்லவேண்டும் என்று டீச்சர் பழக்கியிருந்தார். என் படிப்பு அவ்வளவுதான்.

எங்களோடு சின்னம்மாவும் இருந்தார். அம்மாவுக்கு நேர் இளையவர். ஆனால் அந்த நாட்களில் அவரைச் சின்னம்மா என்று யாரும் கூப்பிட்டதில்லை. பிறந்தபோது அவரை ஆண்பிள்ளை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பிறகு அந்த முடிவை மாற்ற ஒருவருக்கும் மனமில்லை. ஆகவே அவரை மாமா என்று கூப்பிடவேண்டும் என்று எனக்குச் சொல்லித்தரப்பட்டது. அவரோ தலைமயிரை நீளமாக வளர்த்து, வீட்டுக்குள் பாவாடை சட்டை உடுத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், “நான் இந்தப் பிள்ளைக்குச் சின்னம்மா. அப்பிடித்தான் அவ என்னைக் கூப்பிட வேணும்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா அவரோடு நேரே கதைப்பதை விட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி நான்.

“உன்ர மாமாட்டச் சொல்லு, தேத்தண்ணி ஆறுதாம்.”

“உன்ர அப்பாட்டச் சொல்லு, இந்த வீட்டில மாமா எண்டு ஒருத்தரும் இல்லையாம்.”

இரண்டு பேரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தேத்தண்ணி ஆறிப்போகும். நான் மாமா என்றால் ஒருவருக்குக் கோபம், சின்னம்மா என்றால் மற்றவருக்குக் கோபம். படித்த பிள்ளை அல்லவா, நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எதற்கும் “இஞ்ச பாருங்கோ” என்று ஆரம்பித்துவிடுவேன்.

சின்னம்மாவுக்கு வேலை பக்கத்துத் தெரு மலர்ச்சாலையில். சவப்பெட்டிக்குப் பின்னால் திரை கட்டுவது, பூ வைப்பது, செத்தவர்களின் முகத்துக்குப் பவுடர் பூசுவது. போர்க்காலத்தில் அந்தத் தொழிலுக்குக் குறைவில்லை. வேலைக்குப் போகும்போது மட்டும் காற்சட்டை போட்டு, தலைமயிரைத் தொப்பிக்குள் திணித்துக்கொள்வார். தோட்டத்து வாசலுக்கு நேரே சென்றிப் பொயின்ற் என்கிற ஆமிக் காவலரண் இருந்தது. அங்கே நிற்கிற ஆமிக்காரப் பெடியன் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். அட்டையில் இருந்தது வேறு முகம். அதனால் சின்னம்மா சேலை உடுத்தி வாசலைத் தாண்டியதே இல்லை.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு எங்கள் தேவாலயப் பங்கில் பாலன் குடில் போட்டி நடக்கும். தோட்டத்துக்கு ஒரு குடில். ஃபாதரும் மாதர் சபை அன்ரிமாரும் வந்து பார்த்துப் புள்ளி போடுவார்கள். சந்தித் தோட்டத்துக்காரர் வருடத்துக்கு வருடம் புதுக் கலர் பல்ப் மாலைகள் வாங்கி, குடிலைக் கலியாண மண்டபம் ஆக்கிவிடுவார்கள். முதற் பரிசு அவர்களுக்கு. எங்களுக்கு எப்போதும் கடைசி இடம். முந்தின வருடம் எங்கள் பல்ப் மாலை புகைந்து, மூன்று இராசாக்களில் ஒருவருக்குத் தாடி எரிந்துபோனது.

அந்த வருடம் குழாயடியில் கூட்டம் போட்டபோது சின்னம்மா சொன்னார்: “குடிலை நான் செய்து தாறன். ஆனா விளக்கை நான்தான் கொளுத்துவன். சேலை உடுத்துக்கொண்டு.”

“என்ன சேலை, காஞ்சிபுரமோ?” என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்கள். கடைசி இடத்தில் இருப்பவர்களுக்கு இழக்க என்ன இருக்கிறது? அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

“உன்ர மாமாட்டச் சொல்லு, ஃபாதருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கவேண்டாமாம்.”

நான் திரும்புவதற்குள் சின்னம்மா எழுந்து போய்விட்டார்.

துறைமுகத்தில் இருந்து வந்த சீமெந்துக் கடதாசியைக் கசக்கி மலை செய்தார். வழக்கமாக அந்த மலைக்குப் பச்சை, மண்ணிறம், வெண்பஞ்சுப் பனி எல்லாம் போடுவார்கள். சின்னம்மா முழு மலைக்கும் அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினார். மாடு, ஆடு, இடையர், ஒட்டகம் எல்லாவற்றையும் வெள்ளைக் கடதாசியில் வெட்டினார். கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் உருவம். எனக்குப் பெரிய ஏமாற்றம். “இஞ்ச பாருங்கோ, கலர் எங்க?” என்று கேட்டேன். “பொறு,” என்றார். அவ்வளவுதான்.

புள்ளி போட வருகிற அன்று பின்னேரம் குடிலுக்குப் பின்னால் ஒரு கறுப்பு வெல்வெட் திரையைத் தொங்கவிட்டார். கரையில் வெள்ளிக் குஞ்சம் வைத்த பெரிய திரை. அப்போதுதான் கடைக்கார அன்ரி வந்தார். தோட்டத்து வாசலில் பெட்டிக்கடை வைத்திருந்தவர். திரையைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த கணம் தோட்டமே அதிரக் கத்தினார்.

“ஐயோ, இது மலர்ச்சாலைத் திரை! என்ர அம்மாவின்ர பெட்டிக்குப் பின்னால தொங்கினது இதுதான்! செத்த வீட்டுத் துணியைப் பாலனுக்குக் கட்டுறியா? தோட்டம் விளங்குமா?”

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஆண்கள் திரையைக் கழற்ற ஏணி கொண்டுவந்தார்கள். “கழட்டுங்கோ, அதோட அந்தச் சேலைக் கூத்தும் வேண்டாம்” என்று ஒருவர் சொன்னார். ஃபாதர் சந்தித் தோட்டத்தை முடித்துக்கொண்டு எந்த நேரமும் வரலாம். சின்னம்மா ஏணிக்கு முன்னால் போய் நின்றார்.

“அன்ரி, அண்டைக்கு உங்கட அம்மாவின்ர முகம் எப்பிடி இருந்தது?”

அன்ரி முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “வடிவா இருந்தது. நித்திரை கொள்ளுற மாதிரி.”

“அவ பாவம், கடதாசி மாதிரி வெளிறித்தான் வந்தவ. அந்த வெளிறலைப் பவுடர் போட்டு நான் மறைக்கேல்ல. பின்னால இந்தக் கறுப்பைக் கட்டினன். வந்த சனமெல்லாம் அவவின்ர முகத்தை மட்டும்தான் பாத்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால கிடத்தியிருந்தா ஆர் பாத்திருப்பினம்?”

அன்ரி வெல்வெட்டை இன்னொரு தரம் தடவினார். பிறகு ஏணிக்காரரைப் பார்த்து, “என்னடா பாக்கிற, ஏணியைக் கொண்டுபோய் வை” என்று அதட்டினார்.

சின்னம்மா கேட்ட அடுத்த விசயம் அதைவிடப் பெரியது. எல்லா வீட்டு லைட்டையும் அணைக்கவேண்டும். அந்தக் காலத்தில் லைட் இல்லாத தமிழ்த் தோட்டம் என்றால் ஆமிக்குச் சந்தேகம் வரும் என்பது எனக்கே தெரியும். முதலில் அணைத்தவர் கடைக்கார அன்ரி. பிறகு ஒவ்வொரு வீடாக அணைந்தது. எதிர்பார்த்தபடியே வாசலில் பூட்ஸ் சத்தம். “ஏன் லைட் ஓஃப்?” என்று அதட்டிக்கொண்டு பெடியன் உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் ஃபாதரும் மாதர் சபையும்.

அந்த இருட்டில் ஒரு தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

ஒரேயொரு விளக்கு. கறுப்பு மலை இருட்டோடு கரைந்துபோக, ஆடும் மாடும் ஒட்டகமும் வெள்ளை வெளேரென்று அந்தரத்தில் எழுந்து நின்றன. சுடர் அசைய அவையும் நடந்தன. வைக்கோலில் பாலன் மட்டும் மஞ்சளாக மின்னினார். பக்கத்தில் கையில் விளக்குடன் சின்னம்மா. அம்மாவின் வெள்ளைக் கலியாணச் சேலையை உடுத்தியிருந்தார். லைட்டுகள் அணையத் தொடங்கியதும் அம்மாவே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாராம், எனக்குப் பிறகுதான் தெரியும். கறுத்த கைகள், விரித்துவிட்ட தலைமயிர், நாடியில் சவரம் செய்த பச்சை நிழல். ஒன்றையும் அவர் மறைக்கவில்லை. அந்த வெல்வெட்டுக்கு முன்னால் அவரைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

ஆமிக்காரப் பெடியன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

ஃபாதர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “இதை ஆர் செய்தது?”

சிரித்துச் சம்மதித்த தோட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. என்ன சொல்லுவது? பழைய பெயரையா? இன்னாரின் மைத்துனர் என்றா? அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குச் சுடர் அலைய, ஒட்டகங்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கின. யாரோ என் முதுகில் கை வைத்து, “படிச்ச பிள்ளை, நீ சொல்லு” என்று முன்னால் தள்ளினார்கள்.

ஃபாதரிடம் போய் “இஞ்ச பாருங்கோ” என்று ஆரம்பிக்க முடியாது. அவர் கேட்டது ‘ஆர்’ என்று. வெள்ளைச் சேலையில் என் அம்மாவைப் போலவே ஒருவர் அங்கே நின்றார். அம்மாவுக்கு இளையவர். எனக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“எங்கட சின்னம்மா செய்தவ, ஃபாதர்.”

“அப்ப சின்னம்மா, இந்த விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கோ,” என்றார் ஃபாதர். “அன்ரிமாருக்குத் தெரியட்டும்.”

சின்னம்மா உயர்த்தினார். தோட்டம் முழுவதும் கைதட்டியது. சந்தித் தோட்டத்தில் இருந்து வேவு பார்க்க வந்தவர்களும் தங்களை மறந்து தட்டினார்கள்.

முதற் பரிசு ஒரு பெரிய ரிபன் கேக். மூன்று நிறத்தில் அடுக்கடுக்காக இருந்தது. அடுத்த நாள் காலை அப்பா அதன் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார். நானும் என் தபால் வேலைக்குத் தயாரானேன்.

“உன்ர சின்னம்மாட்டச் சொல்லு,” என்றார், “வந்து வெட்டாட்டி கேக்கை எறும்பு திண்டுடுமாம்.”

நான் எழும்பவே தேவைப்படவில்லை. சின்னம்மா கத்தியோடு வந்துவிட்டார். நத்தார் பூசைக்கு அதே வெள்ளைச் சேலையில் வாசலைத் தாண்டி நடந்தும் போனார். ஆமிக்காரப் பெடியன் அட்டையைக் கேட்கவில்லை.

எனக்கு விளங்காத விசயம் ஒன்றுதான். விளக்கைக் கொளுத்திய இரவில் அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீராக ஓடியது. அது விளக்குப் புகை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, புதுவருடம் வரைக்கும், குழாயடியிலும் அடுப்படியிலும் என்னை மறித்து மறித்துக் கேட்டார்:

“அண்டைக்கு ஃபாதர் உன்னட்ட என்ன கேட்டவர்? நீ என்ன சொன்னனி?”

புகை கண்ணோடு சேர்த்துக் காதையும் பழுதாக்கிவிட்டது போலும், பாவம் என்று எண்ணிக்கொண்டேன். ஆகவே ஒவ்வொரு தரமும், தோட்டத்தின் கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி, முன்னையதைவிடச் சத்தமாகச் சொன்னேன்:

“எங்கட சின்னம்மா!”