ஈப்போவில் கோத்த ராணி நகை

பெரிய யுத்தம் ஓய்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். தஞ்சாவூரிலிருந்து புறப்பட்ட எங்கள் நாடகக் குழு, பினாங்கில் ஆடி முடித்துச் சிறு கப்பலில் தெலுக் ஆன்சன் துறைக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி. பேராக் ஆறு அங்கே கடலைப் போல அகன்று, கலங்கிய செம்பழுப்பு நிறத்தில் ஓடுகிறது. குழுவுக்கு மேடை நகை செய்பவன் நான். என் நகைப் பெட்டியை இறக்கும்போது கூலியாளின் கால் பலகையில் வழுக்கியது. பெட்டி ஆற்றுக்குள் போனது. குமிழிகள் வந்தன, பெட்டி வரவில்லை.

"முதலை கெடக்குற ஆறுண்ணே. யாரும் எறங்க மாட்டாங்க," என்றார் துறையிலிருந்த தமிழர் ஒருவர்.

எங்கள் குழுவில் ராணி வேஷம் கட்டும் சிங்காரம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "வெறுங்கழுத்தோட ராணியா? என்னால ஆகாதுய்யா. வேற ஆளப் பாத்துக்குங்க," என்றார். வேறு ஆள் கிடையாது. ஞாயிறு அந்தியில் ஈப்போவை அடுத்த ஒரு தோட்டத்தில் ஆட்டம். சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் தண்டோரா போட்டாகிவிட்டது.

தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் மாறினோம். கம்பாரைத் தாண்டியதும் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள் வயல்வெளியில் கொண்டுவந்து வைத்தாற்போலத் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. மற்ற நாளென்றால் வாய் பிளந்து பார்த்திருப்பேன். ஈப்போ ஸ்டேஷனில் இறங்கி, ஜெலாப்பாங் வழியாக மாட்டு வண்டியில் நாலைந்து மைல் போனால் அந்த ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட லயத்தில் எங்களுக்கு இரண்டு அறை ஒழித்துக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மதியம், புது நகை கோக்க மணி வாங்க ஈப்போவுக்குக் கிளம்பினேன். அடுத்த வீட்டு அஞ்சலை ரப்பர்ப் பால் வெட்டு முடிந்து குளித்துவிட்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேண்ணே. சீனக் கடையில மலாய் பேசணும்லா, ஒங்களுக்குத் தெரியாதே," என்று தானே வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கிந்தா ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஈப்போவின் புது ஊர்ப் பகுதி. அங்கே ஒரு மணிக்கடை. கடைக்காரச் சீன அம்மாள் மலாய்க்காரிகளைப் போலக் கைலி கட்டி, சட்டத்தில் விரித்த துணியில் செருப்புக்கு மணி தைத்துக்கொண்டிருந்தார். கசகசாவைவிடச் சற்றே பெரிய கண்ணாடி மணிகள். கொத்து பதினைந்து காசு. நீலம், ரோஜா, இளம்பச்சை, வெள்ளை எல்லாம் இருந்தன. நான் கேட்டது தங்க நிறம். எடுத்துக் கொடுத்தார், கொடுத்த கையோடு ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தும் காட்டினார். துணியில் பொன் ஒட்டியது, மணி வெளுத்தது.

"வேர்வ பட்டா போயிருமாம்ணே. வாங்காதீங்கங்குறாங்க," என்றாள் அஞ்சலை.

எனக்குக் கை ஓடவில்லை. இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம் தங்கத்தைப் போல ஒன்று, கெம்பைப் போல ஒன்று. இந்த நீலமும் ரோஜாவும் எதைப் போல? அந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பூவிதழை ஓரத்தில் அடர்ந்த ரோஜாவில் தொடங்கி, உள்ளே போகப் போக வெளிறவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். தட்டையான துணியில் இதழ் குவிந்து நின்றது. நீலத்தில் நாலு சாயல், வெள்ளை, கொஞ்சம் ரோஜா வாங்கிக்கொண்டேன்.

லயத்துக்குத் திரும்பி, நானும் அஞ்சலையும் கோத்தோம். முதல் மாலையைச் சிங்காரத்தின் கழுத்தில் போட்டு, ஆட்டம் பார்ப்பவர்கள் உட்காரும் தூரத்துக்கு அஞ்சலையை அனுப்பினேன்.

"கிட்டத்துல நல்லா இருந்துச்சுண்ணே. இங்கேருந்து பாத்தா நூலு தொங்குற மாதிரி இருக்கு!" என்று கத்தினாள்.

சிங்காரம் மாலையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

எல்லாவற்றையும் அவிழ்த்தேன். தனித்தனிச் சரமாகத் தொங்கினால் மணி காணாமல் போகும். ஒரே சாயலில் பல சரங்களைச் சேர்த்துக் கயிறு போல முறுக்கிப் பார்த்தேன், கனம் வந்தது. கழுத்தை ஒட்டிக் கருநீலம், அதன் கீழே அடுத்த சாயல், அதற்கும் கீழே இன்னும் வெளிறியது, மார்பில் சுத்த வெள்ளை. நெற்றிச்சுட்டிக்கு மட்டும் ரோஜா. ஞாயிறு பகல் கடைசி முடிச்சைப் போட்டபோது விரல் நுனியெல்லாம் எரிந்தது. ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை. அஞ்சலை மறுபடி தூரத்துக்கு ஓடினாள். இந்த முறை அவள் கத்தவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"எந்தத் தேசத்து ராணி இப்படிப் போட்டா?" என்று கேட்டார் சிங்காரம்.

"நம்ம ராணிதான் மொதல்ல போடப்போறா."

கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்துக்கு மாவு பூசத் தொடங்கினார்.

அந்தியில் காஸ் விளக்குகள் ஏற்றி ஆட்டம் தொடங்கியது. சிங்காரம் உள்ளே வந்ததும் ஒளி அந்த மணிகளில் நீலத்திலிருந்து வெள்ளைக்கு இறங்கியது. குழந்தைகளை அதட்டிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்தினார்கள். "என்னா நகைடி அது? தங்கம் இல்ல, பாத்தியா!" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. சிங்காரத்துக்கு அது கேட்டிருக்க வேண்டும். ஒரு பக்கமாக நின்று பாட வேண்டிய பாட்டை மேடை முழுக்க நடந்து பாடினார். பாடி முடித்து இன்னொரு முறையும் நடந்தார்.

திங்கள் காலை வண்டி கட்டினோம். மீந்த மணிகளை முந்தின நாளே அஞ்சலைக்குக் கொடுத்திருந்தேன். பால் வெட்டு முடித்த கையோடு வந்தவள், மடியிலிருந்து பாதி கோத்த கைவளை ஒன்றை எடுத்துக் காட்டினாள். வெள்ளையில் ரோஜாவைச் சாய்வாக ஓடவிட்டு, நடுநடுவே ஒற்றை நீலம் வைத்திருந்தாள். நான் செய்ததைப் போல அதில் எதுவும் இல்லை.

"இது எதப் பாத்துச் செஞ்சே?" என்று கேட்டேன்.

"எதையும் பாக்கலண்ணே. கோக்கக் கோக்க வருது," என்று சொல்லி, ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை இழுத்தாள். சம்பளம் வந்ததும் பச்சை வாங்க ஈப்போவுக்குப் போகப்போகிறாளாம்.

தஞ்சாவூரில் ஒரு நகை செய்ய வேண்டுமென்றால் முதலில் தட்டார் தெருவுக்குப் போய், அங்கே தொங்குவதைப் பார்த்துவிட்டு வருவேன். இனி அந்தத் தெருவுக்குப் போக எனக்கு அவசரமில்லை. வண்டி ஜெலாப்பாங் சாலையில் திரும்பியபோது, அடுத்த ஆட்டத்து ராணிக்கு மஞ்சளில் தொடங்கிப் பச்சையில் முடித்தால் எப்படியிருக்கும் என்று சிங்காரத்தைக் கேட்டேன்.

"பச்சையில தொடங்கு," என்றார் அவர்.