எலுமிச்சை மூடியும் என் மூச்சும்

அடுத்தவர் வீட்டுக் கறைக்காக ராத்தூக்கம் கெடுகிற தொழில் எங்களுடையது. கோயமுத்தூரில் வீடு வீடாகப் போய்க் கழுவிக் கொடுக்கிறேன். பாத்ரூமுக்கு ஆசிட், தரைக்குப் பினாயில் என்று ஊற்றி ஊற்றி, ஒருநாள் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கியது. டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு ஆசிட்டை உடுங்க, இல்லீனா வேலையை உடுங்க."

வேலையை விட்டால் சோறு யார் போடுவார்? ஆசிட்டுக்குப் பதிலாக ஆப்ப சோடா, கல்லுப்பு, புளி, பேக்கரிக்காரர் ஜூஸ் பிழிந்துவிட்டு ஒதுக்கும் எலுமிச்சை மூடி என்று ஒயர் கூடையை நிரப்பிக்கொண்டேன். எங்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் சக்திவேல் அண்ணனுக்கு இதில் நம்பிக்கையே இல்லை. இதே தொழிலில் இருமிக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் அவர் சொன்னதன் கனம் புரியும்: "ஒரு ஊட்ல இருந்து குறை சொல்லி போன் வந்தாலும் பழையபடி ஆசிட்தானுங்க. முடியாதுன்னா வேற ஆளைப் போட்டுக்குவேன்."

குழாய்க்கு வந்த காய்ச்சல்

முதல் வீடு பீளமேட்டில். ஹாலில் பெரியவர் ஒருவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். போர்வெல் தண்ணீர் என்பதால் பாத்ரூம் குழாயெல்லாம் வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. எலுமிச்சை மூடியால் நன்றாகத் தேய்த்து, மிச்சச் சாற்றில் நனைத்த பழைய துணியைச் சுற்றிவிட்டேன். ஊறினால்தான் உப்பு இளகும். எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "ஏனுங்க, பைப்புக்குக் காய்ச்சலுங்களா?" என்றார்.

ஊறிய பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்ததும் உப்பு விட்டுவிட்டது. குழாய் புதுசு மாதிரி மின்னியது. எனக்குப் பாதி உயிர் வந்தது. அந்த அம்மாவோ வாசற்படியில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்: "பளிச்சுன்னுதானுங்க இருக்குது. ஆனா கழுவுன வாசமே வரலீங்களே?"

பஸ்ஸில் பொங்கியது

என்னோடு வேலைக்கு வரும் ஜோதியக்காவுக்கு எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிற பழக்கம். பெருந்துறையில் ஒரு வீட்டுக்குக் கிளம்பிய அன்று, போய்க் கலக்கிக்கொண்டிருக்க வேண்டாமே என்று, எலுமிச்சைச் சாற்றையும் ஆப்ப சோடாவையும் ஒரே பாட்டிலில் போட்டு மூடியைத் திருகிவிட்டார். பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் 'டப்'பென்று வெடித்தது. கூடையெல்லாம் நுரை. முன் சீட்டுக்காரரின் வேட்டி தொப்பலாகிவிட்டது.

இரண்டையும் கலந்து வைத்தால் பொங்கித் தீர்ந்துபோகும், அப்புறம் கறைக்கு ஒன்றும் செய்யாது என்று தலையில் அடித்துக்கொண்டு விளக்கினேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. சண்டைக்கு எழுந்து நின்றவரின் வேட்டியை உற்றுப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, அந்த வெத்தலைக் கறை போயிருச்சு பாருங்க!"

மார்பிள் பக்தி

பெருந்துறை வீடு தோட்டமும் மில்லும் உள்ளவர்களுடையது. குத்துவிளக்குகளைத் தேய்க்க வேண்டும். அதற்குப் புளியும் உப்பும் போதும். ஆனால் பூசை அறைத் தரை வெள்ளை மார்பிள். ஒரு சொட்டுப் புளித்தண்ணீர் விழுந்தாலும் பளபளப்பு போய் அச்சு விழுந்துவிடும். அந்த அச்சு நேராகச் சக்திவேல் அண்ணன் போனுக்குப் போய்விடும்.

அதனால் தேய்ப்பதைப் பின்பக்கத் துணி துவைக்கிற கல்லில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு விளக்காக இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்த் தேய்த்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடி ஏந்தி வந்தேன். வாய் தன்னால் 'ஏசப்பா, ஒண்ணும் ஆகக் கூடாது' என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கார அம்மா மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாரு கண்ணு, சாமி வெளக்கை எப்படி மந்திரஞ் சொல்லிக்கிட்டே தூக்கீட்டுப் போறாங்கன்னு!"

வந்துவிட்டது போன்

கடைசியில் நான் பயந்த போன் வந்தேவிட்டது. பீளமேட்டு அம்மா உடனே வரச் சொல்கிறாராம். "வாசம் வரலைன்னுதான் இருக்கும், வாங்க" என்று சக்திவேல் அண்ணன் ஆசிட் கேனோடு வண்டியில் முன்னால் போனார். வழியெல்லாம் வேறு என்ன வேலைக்குப் போகலாம் என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

கேட்டிலேயே அந்த அம்மா மறித்தார். "அந்தக் கேனை வெளியவே வெய்யுங்க. ஊடு கழுவுற அன்னிக்கெல்லாம் எங்க மாமனாரு இளைப்பு தாங்காம காரமடைல மக ஊட்டுக்குப் போயிருவாருங்க. போன தடவை அவரு கெளம்பறதுக்குள்ள இந்தம்மணி வந்துட்டாங்க. இங்கயே டிவி பாத்துட்டு உக்காந்திருந்தாரு, ஒரு இருமல் இல்லீங்க! இனி எங்கூட்டுக்கு வாசம் வராம கழுவுற இவங்கதான் வேணும்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. சக்திவேல் அண்ணன் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பேக்கரிக்காரர்கிட்ட மூடியை நெறையா எடுத்து வெக்கச் சொல்லிப்போடறனுங்க."

ஆக, சக இருமல்காரர்களே, ஊரார் பிழிந்து குடித்துவிட்டுத் தூக்கிப் போட்ட மூடிதான் என் வேலையைக் காப்பாற்றி, மாடிப்படியில் நான் தொலைத்த மூச்சையும் எனக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது.