உட்கார்ந்தால் கிடைக்கும்

ஐப்பசி 12, செவ்வாய். ஐந்தரைக்குக் காபி, ஆறரைக்கு அலமாரி துடைத்தேன். கேட்ட கதைகளைச் சிறுவயதில் நான் வகை பிரித்த நோட்டு கிடைத்தது: சாபக் கதை, வேஷக் கதை, தேடும் கதை.

1978 தீபத்தன்று மத்தியானம், கிரிவலக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டோம். முன்னால் போயிருப்பாள் என்று அப்பா ஓட்டமாக நடந்தார். அடி அண்ணாமலை வரை அவள் இல்லை.

“திரும்பிப் போய்ப் பாக்கலாம்ப்பா.”

“மலைய எதிர்ப்பக்கமா சுத்துறதா? பாவம்டி!”

“அப்ப உக்காருங்க. தேடுற கதைல ஒருத்தர் உக்காந்தாதான் ஆள் கிடைக்கும்.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அரைமணியில் அம்மா வந்தாள்.

“ஏங்க, உங்களத் தேடி காலே போச்சு. இங்க டீ குடிக்கிறீங்களா?”

கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பா சிரித்தார்.

ஐப்பசி 13, புதன். காலை, காபிக்கு முன்பே, அந்த நோட்டின் தேடும் கதைகளில் விட்டுப்போயிருந்த இதை எழுதிச் சேர்த்தேன்.