தவமணியக்கா இல்லாமல் புறப்பட்ட லாரி

தவமணியக்கா இறந்த செய்தி வந்தபோது, பண்ணைக்காட்டில் எங்கள் விவசாயிகள் சங்கத்து வாசலில் வாழைத்தார் ஏற்றிய லாரி நின்றது. மண் சரிந்து வத்தலக்குண்டு ரோடு அடைபட்டிருந்தது. செயலாளர் காதர் பாய் போனை வைத்துவிட்டு, "அக்கா போயிருச்சுப்பா" என்றார்.

அக்காவை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். கம்ப்யூட்டர் படித்து, எந்தச் சரக்கு எந்த வழியில் எந்தச் சந்தைக்குப் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராமைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவர். லாரி வெளியே போகக் காட்டவேண்டிய கேட் சீட்டும் அதிலிருந்துதான் வரும்.

அதற்கு முன்னால் வேறொரு புரோகிராம் இருந்தது. அதில் வழியை மாற்ற மதுரையிலிருந்து ஆள் வரவேண்டும். மலைவாழை யாருக்காகவும் காத்திருக்காது, பழுத்துவிடும். என் பழைய ஜீப்போ யார் சொன்னாலும் கிளம்பாது. அது வேறு கதை.

அக்கா ரூல்களைப் புரோகிராமுக்குள் புதைக்காமல், தனியே தமிழில் வைத்தார். 'இந்த ரோடு அடைபட்டால் வாழை அந்த ரோட்டில் போகும்.' வாசித்துக் காட்டினால் பள்ளிக்கூடம் போகாத எனக்கே விளங்கும்.

முதல் மண்சரிவில் அவரைத்தான் கூப்பிட்டோம். "நான் வரமாட்டேன். ரோடு ஒங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? நீங்களே மாத்துங்க" என்றார். மாற்றினோம். பாச்சலூர் வழியாக ஒட்டன்சத்திரத்துக்கு லாரி போய்விட்டது. ரோடு திறந்த பிறகு அந்த ரூலை எடுக்கத்தான் மறந்துவிட்டோம். வத்தலக்குண்டு வியாபாரி தாருக்குக் காத்திருக்க, லாரி மறுபடியும் பாச்சலூரைச் சுற்றியது.

"ரோடு தெறந்துல்ல கெடக்கு?" என்று டிரைவர் கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் சொல்லுதுல்ல, போப்பா" என்றாராம் பாய்.

அக்கா வந்து சிரித்தார். "ஏன் பாய், விருந்தாளிகிட்ட எப்பப் போவீகன்னு கேக்க முடியாது. ரூலுகிட்டக் கேக்கலாம்ல?" அன்றிலிருந்து புது ரூல் போட்டால், 'எதுவரை?' என்று கம்ப்யூட்டர் கேட்கும். பதில் சொல்லாவிட்டால் ஏற்காது.

செய்தி வந்த அன்று லோடுமேன் ஒருவர், "இனி யாரக் கூப்பிடுறது?" என்றார். காதர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வழியை மாற்றினார். 'எதுவரை?' என்று வந்தது. 'ரோடு திறக்கும்வரை' என்று அடித்தார். சீட்டு வந்தது. லாரி வளைவில் மறைந்த பிறகே, அன்று மட்டும் அதிசயமாகக் கிளம்பிய என் ஜீப்பில் அக்கா வீட்டுக்குப் போனோம்.

அவர் அம்மாவிடம் பாய், "சரக்கு போயிருச்சும்மா. ஒங்க மக செஞ்சு வச்சது, மக இல்லாமலே ஓடுது" என்றார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது ஊரில் யார் புதிதாகக் கட்டுப்பாடு போட்டாலும், "எதுவரைக்கும்?" என்று கேட்டுவிடுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.