உள்ளே திரும்பிய துணிப்பைகள்

ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நாங்கள் இலவசமாகக் கொடுத்த துணிப்பைகள், சற்று நேரத்திலேயே வெறும் வெள்ளைப் பைகளாக மாறியிருந்தன. வாங்கிய பெண்கள் அவற்றை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, அச்சடித்த பக்கத்தை மறைத்திருந்தார்கள்.

அப்போது தமிழ் முதுகலையை அஞ்சல் வழியில் படித்துக்கொண்டே, ராஜபாளையத்தில் உள்பாவாடை தைக்கும் சிறு கம்பெனியொன்றில் விளம்பர வேலை பார்த்தேன். முதலாளி ராஜமணி அண்ணாச்சி அதுவரை மதுரைக்காரர் ஒருவரின் லேபிளுக்குக் கூலிக்குத் தைத்து ஜாப் ஒர்க் செய்துவந்தவர். அவ்வாண்டுதான் சொந்த லேபிள் போட்டிருந்தார். தீபாவளிக்குள் அதைக் கடைகளில் கேட்டு வாங்க ஆள் வராவிட்டால், மறுபடியும் மதுரைக்காரருக்கே தைக்க வேண்டியதுதான் என்று எங்களிடம் சொல்லியிருந்தார்.

பிரிண்டிங்கில்தான் கோளாறு என்று நினைத்த அவர், மறுநாள் கம்பெனியில் ஒரு பையை எடுத்து, சாயம் ஒட்டுகிறதோ என ஈரக்கையால் தேய்த்துப் பார்த்தார். சாயம் அசையவில்லை. காரணம் எனக்குத் தெரியும்; சொல்ல வாய் வரவில்லை. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருந்த பேச்சியம்மாள் அக்காவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

"மொதலாளி, 'ராஜமணி உள்பாவாடை'ன்னு இம்புட்டுப் பெரிசா செகப்புல அடிச்சிருக்கிய. உங்க பேரையும் பாவாடையையும் சேத்துத் தோள்ல மாட்டிக்கிட்டு எவ தேர் பாப்பா?"

மெஷின்கள் நின்றன. அண்ணாச்சியின் காது சிவந்தது. பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுலயும் திருப்பித்தான் வச்சிருக்கா. அழுக்காகாம இருக்கத்தான்னு நெனச்சேன்."

நான் மெல்ல என் யோசனையைச் சொன்னேன். பையில் சரக்கின் பெயரும் வேண்டாம், முதலாளியின் பெயரும் வேண்டாம். ஒரு பச்சைக்கிளி, அடியில் ராஜபாளையம் என்று மட்டும். பாவாடையின் இடுப்புப்பட்டி லேபிளிலும் அதே கிளி. ஆண்டாளின் கையில் கிளியைப் பார்த்து வளர்ந்த பெண்கள் அதை மறைக்க மாட்டார்கள்.

"பாவாடைன்னு எங்கயுமே இல்லாம என்னத்தத் தாயி வெளம்பரம்?" என்றார் அண்ணாச்சி.

"பாவாடை வாங்குனா கடையில அந்தப் பையிலயே போட்டுக் குடுக்கச் சொல்லுவோம், அண்ணாச்சி. உள்ள என்னன்னு வாங்குனவியளுக்குத் தெரியும்ல."

அரைமனதாக ஒப்புக்கொண்டார். கிளியின் மூக்கைப் பார்த்துப் போடச் சொல்லும்படியும், இல்லாவிட்டால் காக்கை கம்பெனி ஆகிவிடும் என்றும் பேச்சியம்மாள் அக்கா எச்சரித்தார்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கிளி லேபிள் போட்டு அனுப்பிய சரக்கின் ஸ்டாக் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு நானும் அண்ணாச்சியும் போயிருந்தோம். விற்பனைக்கு நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். அங்கே பெண்கள் உள்பாவாடையைக் கேட்கக் குரலைத் தாழ்த்துவார்கள். சிலர் கேட்காமலே திரும்பிவிடுவார்கள். அன்று கூமாப்பட்டியிலிருந்து மாமனாருடன் வந்திருந்த இளம்பெண் ஒருத்தி, நிமிர்ந்து நின்று எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"அண்ணே, கிளி ரெண்டு குடுங்க. ஒண்ணு அரக்கு, ஒண்ணு கருநீலம்."

கடைக்காரர் மறுகேள்வி கேட்காமல் எடுத்துப் போட்டார். வேட்டிக்கரை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் அண்ணாச்சி, மதுரைக்காரருக்கு இனித் தைக்க நேரமில்லை என்று மரியாதையாக ஒரு கடிதம் எழுதச் சொன்னார்.

இந்த வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பொருளுக்கு ஒரு பெயரை எழுதியதும், மாமனார் பக்கத்தில் நிற்கும்போது ஒரு பெண் அதைக் கடையில் சொல்லிக் கேட்பாளா என்று யோசித்துப் பாருங்கள். அச்சகத்துக்கு அதன் பிறகு போகலாம்.